அந்த நாற்காலியில் இருந்தவன் யார்? ‘ப்ரொமீதியஸ்’ பற்றி வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒருவர் எனக்குப் பிடித்த அறிவியல் புனைவுப் படங்களைக் கேட்டிருந்தார், நான் ரிட்லி ஸ்காட்டின் ‘ப்ரொமீதியஸ்’ பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கைகுலுக்கல். 2012-இல் வந்த படத்துக்கு இன்னும் இவ்வளவு சூடு இருக்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால் இந்த முறை வேறு கேள்விகளே கிடையாது. படத்தின் முடிவு வரைக்கும் எல்லாமே கீழே வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நல்ல படமா, மோசமான படமா?

பதில்: நல்ல படம். ஆனால் நல்ல ப்ரீக்வல் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது. 1979-இல் வந்த ‘ஏலியன்’ கதைக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் போனவர்கள் ஏமாந்துதான் போனார்கள், அந்த ஏமாற்றம் நியாயமானது. தங்களைப் படைத்தவர்களைத் தேடிப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, கிடைத்த பதிலைத் தாங்க முடியாமல் நிற்கிற மனிதர்களின் கதையாகப் பார்த்தவர்களுக்கு அது மறக்கவே முடியாத படம். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சிக்காரர்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி.

கேள்வி: கோடிக்கணக்கான டாலர் செலவழித்து இன்னொரு உலகத்துக்குப் போகிற விஞ்ஞானிகள், போன வேகத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள். ஒருவர் பாம்பு மாதிரி ஒன்றைப் பார்த்துக் கொஞ்சுகிறார். உருண்டு வருகிற கப்பலுக்கு முன்னால் நேர்க்கோட்டில் ஓடுகிறார்கள். இதைப் போய் நல்ல படம் என்கிறீர்களே, மனசாட்சி வேண்டாமா?

பதில்: இந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஹெல்மெட் விஷயத்தை என்னால் ஏற்க முடிகிறது. உள்ளே காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று கருவி காட்டுகிறது, முதலில் கழற்றுவது தொல்லியலாளன் ஹாலோவே. வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட வாசலில் நிற்கிறவன் அவன், அவசரக்காரன் என்பது அதற்கு முன்பே நமக்குத் தெரியும். மற்றவர்கள் வரிசையாகப் பின்பற்றுவதுதான் இடிக்கிறது. கிருமி என்று ஒன்று உண்டே என ஒருவராவது அழுத்திச் சொல்லி நின்றிருக்க வேண்டும்.

பாம்பு விஷயத்துக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. உயிரியலாளர் மில்பர்ன், மனிதர்களைப் படைத்த ராட்சசர்களில் ஒருவன் செத்துக் கிடந்ததைப் பார்த்ததுமே பயந்துபோய்க் கப்பலுக்குத் திரும்பப் புறப்பட்டவர். அதே ஆள் சில மணி நேரம் கழித்து, உயிரோடு தலையைத் தூக்கிப் படமெடுத்து நிற்கிற ஒன்றிடம் கையை நீட்டி அழகு என்று கொஞ்சுகிறார். பயப்படுகிறவன் பயப்பட வேண்டும், இல்லையென்றால் ஆர்வக்கோளாறு உள்ளவன் முதல் உடலைப் பார்த்ததும் விழுந்தடித்து ஓடியிருக்கக் கூடாது. அதைவிட எனக்கு எரிச்சல் அந்த வரைபடம். இருட்டில் பறந்துபோய்ச் சிவப்புக் கோடுகளால் சுரங்கம் முழுவதையும் அளந்து தருகிற உருண்டைகளைப் பறக்கவிடுவதே நிலவியலாளன் ஃபைஃபீல்ட்தான். கப்பலில் இருக்கும் கேப்டன் ஜானெக் முன்னால் அந்த வரைபடம் ஒளிர்ந்துகொண்டு நிற்கிறது, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது வரை தெரிகிறது. அப்புறம் வரைபடம் போட்டவனே வழி தெரியாமல் தொலைந்து போகிறான்! ஒரே ஒரு வசனத்தில், புயலால் தொடர்பு அறுந்து திரும்பும் வழியும் அடைபட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வசனத்தை யாரும் எழுதவில்லை.

நேர்க்கோட்டு ஓட்டம்? பயத்தில் மனிதர்கள் அப்படி ஓடுவார்கள். ஆனால் பக்கத்திலேயே ஹாலோவேயின் காதலியும் சக விஞ்ஞானியுமான ஷா உருண்டு தப்பித்துவிடுகிறாளே, அதனால் பயணத்தை மேற்பார்வையிட வந்த விக்கர்ஸின் சாவு நமக்குச் சோகமாக இல்லாமல் கவனக்குறைவாகத் தெரிகிறது. சார்லிஸ் தெரோன் நடித்த அந்தப் பாத்திரம் இன்னும் நல்ல முடிவுக்குத் தகுதியானது.

கேள்வி: ‘ஏலியன்’ படத்தில் வரும் அந்த நாற்காலி ராட்சசனை என் கணவர் சிறுவயதில் பார்த்துப் பல நாள் தூங்கவில்லையாம். அவனைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய தீராத வருத்தம். நான் அந்தப் படத்தைப் பார்க்காமலே ப்ரொமீதியஸ் பார்த்தேன், எனக்கு எதுவுமே கெட்டதாகத் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் முழுசாக நிற்கிறேன்.

பழைய படத்தில் அந்தக் காட்சி வெறும் சில நிமிடம்தான். மூன்று பேர் கைவிடப்பட்ட ஒரு கப்பலுக்குள் ஏறுகிறார்கள். நடுவில் பிரம்மாண்டமான ஒரு நாற்காலி, அதில் கல்லாகிப்போன ஓர் உருவம், விலா எலும்புகள் உள்ளேயிருந்து வெடித்த மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. அவ்வளவுதான். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர் அதை வடிவமைத்த விதத்தில், அந்த உடல் எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. அவன் அந்த இருக்கையில் உட்காரவில்லை, அதிலிருந்தே முளைத்திருக்கிறான். செட்டை இன்னும் பெரிதாகக் காட்டுவதற்காக, சின்ன அளவில் விண்வெளி உடை தைத்து, ஸ்காட் தன் மகன்களையே போட்டு நடக்கவிட்டுத் தூரக் காட்சிகளை எடுத்தார். அந்த அளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய பயம் அது.

அதற்குப் பிறகு 1986, 1992, 1997 என்று மூன்று சீக்வல்கள் வந்தும் அவன் யார் என்று எதுவும் கேட்கவில்லை. ஸ்காட்டை முப்பது வருஷம் கழித்து அறிவியல் புனைவுக்குத் திரும்பக் கூட்டிவந்ததே அந்தக் கேள்விதான். ஆனால் ப்ரொமீதியஸ் சொன்ன பதில் என்ன? அந்த எலும்பெல்லாம் எலும்பில்லை, உடை. தும்பிக்கை மாதிரி தொங்கியது ஹெல்மெட். கழற்றினால் உள்ளே வெளுத்த தோலோடு, வழுக்கைத் தலையோடு, நம்மைப் போலவே ஓர் உயரமான மனிதன், மரபணுவும் நம்முடையதோடு பொருந்துகிறது. நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாதவனாக இருந்தவன் நமக்குத் தெரிந்த ஆளாகச் சுருங்கிவிட்டான். தியேட்டரில் அந்த ஹெல்மெட் திறந்தபோது எனக்குள் ஏதோ இறங்கிவிட்டது, அது திரும்ப ஏறவில்லை.

நீங்கள் பழைய படத்தைப் பார்க்காததால் இழப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. அதனால்தான் படத்தை அதன் போக்கில் பார்க்க முடிந்தது. அவருக்கு அது முடியாது, வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: அந்தக் கறுப்புத் திரவம் என்னதான் செய்யும்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகிறதே.

பதில்: திட்டவட்டமான விதி படத்தில் இல்லை. முதல் காட்சியில் ராட்சசன் கறுப்பாக ஒன்றைக் குடித்து அணு அணுவாகக் கரைந்து அருவியில் விழுகிறான், அவன் மரபணுவிலிருந்து புது உயிர் தொடங்குகிறது. (ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி அது. படத்தின் மிக அழகான சில நிமிடங்கள்.) மண்ணிலிருந்த புழுக்கள் திரவம் பட்டுப் பாம்பாகின்றன. ஒரு துளி குடித்த ஹாலோவே உள்ளுக்குள் அழுகுகிறான், முகம் முழுக்கப் பட்ட ஃபைஃபீல்ட் வெறிபிடித்த மிருகமாகிறான், ஹாலோவேயோடு இருந்த ஷாவின் வயிற்றில் கடல் பிராணி போல ஒன்று வளர்கிறது. அது பெரிதாகி ராட்சசனைப் பிடிக்க, அவன் உடம்பைக் கிழித்துக்கொண்டு இன்னொன்று வருகிறது.

விளக்கம் சொல்ல ரசிகர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் மதிக்கிறேன். ஆனாலும் பயமுறுத்துகிற படத்துக்கு விதி தெளிவாக இருக்க வேண்டும். ‘ஏலியன்’ விதியை ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்: முட்டையிலிருந்து வருவது முகத்தைப் பிடிக்கும், அப்புறம் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு இன்னொன்று வரும். அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நம் வயிறு கலங்குகிறது. இங்கே எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் ஆச்சரியம் வருகிறது, பயம் வரவில்லை.

கேள்வி: நான் அக்கா, அவன் தம்பி. டேவிட் ஒருவனுக்காகவே இந்தப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன் என்கிறேன். ஒரு ரோபோ நன்றாக இருப்பதால் ஓட்டைப் படம் நல்ல படம் ஆகிவிடாது என்கிறான் அவன். ரெண்டு வாரமாக இதே பேச்சு. நீங்கள் தீர்ப்புச் சொன்னால் ஒத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

பதில்: தீர்ப்பு அக்காவுக்கு. ஆனால் ‘டேவிட் நன்றாக இருக்கிறான்’ என்று மட்டும் சொன்னால் தம்பி கேட்க மாட்டான், காரணத்தோடு சொல்லுங்கள். இந்தக் காட்சியை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஹாலோவே பில்லியர்ட்ஸ் மேசையில் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். படைத்தவர்கள் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள், கேட்க வந்த கேள்வியைக் கேட்க ஆள் இல்லை என்று குடித்துக்கொண்டிருக்கிறான். டேவிட் வந்து நிற்கிறான். எங்களை ஏன் படைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தோம் என்கிறான் ஹாலோவே. உங்கள் ஆட்கள் என்னை ஏன் செய்தார்கள் என்று டேவிட் கேட்கிறான். செய்ய முடிந்தது, செய்தோம் என்கிறான் இவன், யோசிக்கக்கூட இல்லை. அதே பதில் உன்னைப் படைத்தவரிடமிருந்து உனக்கு வந்தால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் மெதுவாகத் திருப்பிக் கேட்கிறான். உனக்குத்தான் ஏமாற்றமே வராதே, நல்லதாய்ப் போச்சு என்று சிரிக்கிறான் ஹாலோவே. டேவிட் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்புறம், வந்த காரியத்துக்காக எவ்வளவு தூரம் போவாய் என்று கேட்கிறான். எதுவும் செய்வேன் என்று பதில் வருகிறது. அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் விரல் நுனியில் இருந்த கறுப்புத் துளி மதுக்கோப்பையில் இறங்குகிறது.

மொத்தப் படமும் இந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இருக்கிறது. மேலே இருப்பவர் நமக்குச் செய்ததை நாம் கீழே இருப்பவனுக்குச் செய்கிறோம், செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியவில்லை. டேவிட் அந்தக் கப்பலில் எல்லோருக்கும் பணிவிடை செய்கிறான், யாரும் அவனை மதித்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லோரும் உறைநிலையில் தூங்கும் காலம் முழுக்க அவன் தனியாக விழித்திருக்கிறான், பழைய படம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் வரும் பீட்டர் ஓ’டூல் மாதிரி தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அதை நடித்திருக்கும் விதம், அந்த நிமிர்ந்த நடை, ஓர் இழை அதிகமான மரியாதை… ரோபோ மனிதனைப் போல நடிக்கிறது என்று தோன்றாமல், மனிதர்களைக் கூர்ந்து கவனித்துத் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்ட ஒருவன் என்று தோன்றும்.

ஓட்டை இருக்கிறது என்பதில் தம்பி சொல்வது சரி. ஆனால் ஓட்டையே இல்லாத எத்தனையோ படங்கள் இந்த ஒரு காட்சி அளவுக்கு என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

கேள்வி: விழித்தெழுந்த ராட்சசனிடம் டேவிட் அப்படி என்ன சொன்னான்? வேண்டுமென்றே கோபமூட்டினான் என்கிறார்கள்.

பதில்: படத்தில் அந்த வரிக்கு சப்டைட்டில் கிடையாது, அதனால் இந்த வதந்தி. வசனத்தை எழுதித் தந்தவர் அனில் பில்டூ என்ற மொழியியலாளர். இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் மூலமாக இருந்திருக்கும் என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கிய மொழியை அடிப்படையாக வைத்து உருவாக்கினார். டேவிட் பாடம் படிக்கும் காட்சியில் ஆசிரியராக வருவதும் அவரேதான். அங்கே டேவிட் ஒப்பிப்பது, ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1868-இல் அந்த மூலமொழியில் எழுதிப்பார்த்த ஆடு-குதிரைக் கதை! ராட்சசனிடம் சொன்ன வரியின் பொருளையும் பில்டூ பிறகு சொல்லிவிட்டார்: இந்த மனிதர் (பயணத்துக்குப் பணம் போட்ட கிழவர் வேலண்ட்) சாக விரும்பாததால் வந்திருக்கிறார், நீங்கள் ஆயுள் தர முடியும் என்று நம்புகிறார், ஏறக்குறைய இவ்வளவுதான். டேவிட் ஏமாற்றவில்லை. உண்மையைத்தான் சொன்னான், அதற்கு அவன் தலை போனது. எனக்கு இது வதந்தியைவிட வலிக்கிறது.

கேள்வி: கிழவர் வேலண்ட் வேஷத்துக்கு ஏன் கய் பியர்ஸ்? மேக்கப் அப்பட்டமாகத் தெரிகிறதே.

பதில்: படம் வருவதற்கு முன்பு விளம்பரத்துக்காக ஒரு குறும்படம் விட்டார்கள், 2023-இல் இளைஞராக இருக்கும் வேலண்ட் மேடையில் பேசுவது போல. அதில் பியர்ஸ் பிரமாதம். படத்துக்குள் இளமையில் ஒரு காட்சிகூட இல்லாததால் மேக்கப் மட்டும் நிற்கிறது. குறைதான்.

கேள்வி: கதையைக் கெடுத்தது திரைக்கதையாளர் டேமன் லிண்டலாஃப்தானே?

பதில்: ஒருவர் தலையில் மட்டும் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ஜான் ஸ்பைட்ஸ் முதலில் எழுதிய திரைக்கதை ‘ஏலியன்’ படத்தோடு நேரடியாக ஒட்டிய ப்ரீக்வல். அந்த ஒட்டுதலைக் குறைத்துப் புதுக் கதையாக்கும் வேலைக்குத்தான் லிண்டலாஃப் வந்தார். ஸ்காட்டும் அதைத்தான் விரும்பினார். ஆனால் பாதி அறுத்துவிட்டுப் பாதியை விட்டுவிட்டார்கள், கோளாறு அங்கேதான். கதை நடக்கும் இடம் எல்வி-223, பழைய படத்தின் கப்பல் கிடப்பது எல்வி-426. இரண்டும் வேறு, கப்பலும் வேறு, விபத்தும் வேறு. அப்படியிருந்தும் கடைசிக் காட்சியில் பழைய பிராணியின் உறவுக்காரன் மாதிரி ஒன்று வந்து பல்லைக் காட்டுகிறது. ஒட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை. முழுசாக வெட்டியிருந்தால் இன்றைக்கு இந்தப் படத்தை இவ்வளவு பேர் திட்டியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் எதுதான் நல்ல ப்ரீக்வல்?

பதில்: 2022-இல் வந்த ‘ப்ரே’. 1987-இல் வந்த ‘ப்ரிடேட்டர்’ கதைக்கு ரொம்ப முந்தைய கதை, 1719-இல் அமெரிக்கப் பழங்குடியான கொமாஞ்சி இனத்து இளம்பெண் ஒருத்தியைச் சுற்றி நடக்கிறது. வேட்டைக்கு வரும் அந்தப் பிராணி யார், எங்கிருந்து வருகிறது, எதையும் அது விளக்குவதில்லை. பழைய மர்மம் அப்படியே இருக்கிறது, புதுசாக ஒரு மனுஷி நமக்குக் கிடைக்கிறாள். எதிர்ப்பக்கம், ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1999-இல் வந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’. மந்திரம் போல இருந்த ஒரு சக்தியை ரத்தப் பரிசோதனையில் எண்ணிச் சொல்லிவிட்டது. நாற்காலி ராட்சசனுக்கு நடந்ததும் அதேதான். அதே வரிசையில் 2016-இல் வந்த ‘ரோக் ஒன்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும், முடிவு நமக்கு முன்பே தெரிந்தும் கடைசி அரை மணி நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன்.

கேள்வி: அடுத்த பாகமான ‘கவனன்ட்’ பார்த்த பிறகு ப்ரொமீதியஸ் மேல் இருந்த ஆசையே போய்விட்டது. உங்களுக்கு?

பதில்: 2017-இல் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை. ஷாவை நினைத்துப் பாருங்கள். வயிற்றில் வளர்வதை எடுக்கத் தனியாக அந்த அறுவைப் பெட்டிக்குள் ஏறிப் படுக்கிறாள், ஆண்களுக்கு மட்டுமே சிகிச்சை செய்ய அமைத்திருக்கிறது என்று இயந்திரம் மறுக்கிறது, அந்த நிலையிலும் யோசித்து வேறு பெயரில் அறுவையைக் கேட்டு வாங்குகிறாள். (விக்கர்ஸ் அறையில் இருக்கும் பெட்டி ஏன் ஆண்களுக்கானது என்று அங்கேயே கேட்டிருந்தால், கிழவர் வேலண்ட் கப்பலில் ஒளிந்திருப்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கும். எழுத்தில் நான் ரொம்ப மெச்சுகிற இடம் அது.) எல்லோரும் செத்த பிறகும் வீட்டுக்குத் திரும்பாமல், ஏன் எங்களை அழிக்க நினைத்தீர்கள் என்று கேட்கக் கிளம்புகிறவள் அவள். நூமி ராப்பாஸ் உயிரைக் கொடுத்து நடித்த அந்தப் பெண்ணை அடுத்த படம் இடைவெளியிலேயே கொன்றுவிட்டு, அவள் கேட்கப் போன கேள்வியையும் அந்த ராட்சசர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டது. அந்தப் பதிலுக்காக ஐந்து வருஷம் காத்திருந்தேன். ஆனாலும் அந்தக் கோபத்தை முந்தைய படத்தின் மேல் காட்ட மாட்டேன். ப்ரொமீதியஸ் முடிகிற இடத்தில் ஷா உயிரோடு இருக்கிறாள், கப்பல் கிளம்புகிறது, எனக்கு அங்கேதான் கதை முடிகிறது.

கேள்வி: ‘ஏலியன்’, ‘ப்ரொமீதியஸ்’ இரண்டையும் இதுவரை பார்த்ததில்லை. எதை முதலில் பார்க்கட்டும்? வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: கதையில் ப்ரொமீதியஸ் 2093-இல் நடக்கிறது, ‘ஏலியன்’ 2122-இல். அந்த வரிசையில் பார்க்காதீர்கள், வெளிவந்த வரிசையில் பாருங்கள். ‘ஏலியன்’ முடித்துவிட்டு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், அந்த நாற்காலி கொஞ்ச நாள் உங்களோடு இருக்கட்டும். ப்ரொமீதியஸ் போடும்போது விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள், இருட்டிலேயே பாதி நடக்கிற படம். கப்பலில் எல்லோரும் தூங்கும்போது ஒருவன் மட்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டே பந்தைக் கூடைக்குள் போடுவான். அந்த நிமிடத்திலிருந்து அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.